மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டி

மேரிஜோசப்பினைப் போல வேகமாகச் செபமாலை சொல்ல நெடுந்தீவில் ஆள் கிடையாது. மற்றவர்களுக்கு இருபது நிமிடம் என்றால் அவளுக்கு எட்டு நிமிடம் போதும்.

"செபமாலை சொல்லி முடிச்சால்தான் விளையாட விடுவன்" என்பது சனிக்கிழமைகளில் அம்மாவின் சட்டம். விரல் மணியை உருட்டும், வாய் தன் பாட்டுக்கு ஓடும். மனம் மட்டும் கிளித்தட்டு விளையாட்டின் கோட்டில் போய் நிற்கும். பத்து வயதுப் பிள்ளையின் மனம் வேறு எங்கே நிற்கும்?

அன்றும் அப்படித்தான். செபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தாள். பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டது.

அழுதது சறோஜினிதேவி அக்கா. அவருடைய மடியில் எட்டு மாதக் குழந்தை பரராசசிங்கம் கிடந்தான். அது அவனுடைய அப்பப்பாவின் பெயர். ஆளைவிடப் பெயர் பெரிது என்று ஊரே கேலி செய்யும். இன்று கேலி செய்ய ஒருவருக்கும் மனம் வராது. அவன் கண் குழிந்து, உதடு வறண்டு, அசையாமல் கிடந்தான்.

மருத்துவிச்சி இராசமணி, ஆறவைத்த தண்ணீரில் சீனியும் உப்பும் அளந்து கலக்கினார்.

"இரண்டு நாளாக் குடிச்சதெல்லாம் சத்தி, வயித்தோட்டம் வேற. உடம்பில தண்ணி இல்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவம் எண்டால் நாளைக்குக் காலமைதான் படகு. அதுவரைக்கும் இந்தத் தண்ணிதான் இவனைக் காப்பாத்தவேணும். மூண்டு நிமிசத்துக்கு ஒரு கரண்டி. அவசரப்பட்டுக் குடுத்தால் சத்தி எடுப்பான். குடுக்காமல் விட்டால் பிள்ளை தாங்கான்."

சறோஜினிதேவி அக்கா சுவரைப் பார்த்தார். சுவர் மணிக்கூடு நின்று நாலு மாதம். யுத்தம் தொடங்கியபின் தீவுக்குப் பற்றரி வருவதில்லை.

"இரண்டு ராவா நித்திரை இல்லை, அம்மா. எனக்கு எண்ணக்கூட ஏலாது," என்றார். குழந்தையின் அப்பா சவூதியில் வேலை. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

இராசமணியின் கையில் ஒரு கைமணிக்கூடு இருந்தது. ஆனால் அவர் அடுத்த குறிச்சியில் பிள்ளைப்பேறு பார்க்க ஓடவேண்டும். அங்கேயும் அது வேண்டும்.

மேரிஜோசப்பின் சட்டைப்பைக்குள் கையை விட்டாள்.

"நான் செபமாலை சொல்லி நேரம் பாக்கட்டா? ஒவ்வொரு மணியா உருட்டிப் பத்துச் செபம். அதுக்கு எவ்வளவு நேரம் எண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

"நல்ல யோசினை. சொல்லும், பாப்பம்."

சொன்னாள். இராசமணி மணிக்கூட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஒரு நிமிசம், பத்துச் செக்கன். ஏன் பிள்ளை, உம்மைப் பின்னால ஆரும் கலைச்சுக்கொண்டு வருகினமா?"

மேரிஜோசப்பினுக்கு வெட்கமாகிவிட்டது. மறுபடி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இப்ப சரி. மூண்டு நிமிசம். இதைவிடக் கெதியாச் சொல்லாதையும். பிள்ளையின்ர உயிர் உம்மட கையில."

இராசமணி போனார். மேரிஜோசப்பின் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். அக்கா பக்கத்துப் பாயில் சரிந்த உடனே உறங்கிவிட்டார். பத்துச் செபம், ஒரு கரண்டி. பத்துச் செபம், ஒரு கரண்டி. குழந்தை மெல்ல விழுங்கினான்.

கல்வேலிக்கு மேலால் தோழி இமெல்டாவின் தலை தெரிந்தது. "மேரி! ஓராள் குறையுது, வாவன்!"

வரமுடியாது என்று கையைக் காட்டினாள். ஆனால் வெளியே கூச்சல் கேட்கக் கேட்க அவளுடைய நாக்கு பழைய ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கே அது தெரியவில்லை. ஒரு கரண்டி, இன்னொன்று, இன்னொன்று. திடீரென்று குழந்தை உடம்பை முறுக்கி, குடித்தது முழுவதையும் சத்தி எடுத்தான்.

மேரிஜோசப்பின் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். அக்காவை எழுப்பினாள்.

"அக்கா, நான் கெதியாச் சொல்லிப்போட்டன். என்ர பிழை."

அக்கா ஏசவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்தார். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. "சத்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லி இராசமணி அம்மா சொன்னவா. பொறுத்துத் திருப்பித் தொடங்கு, பிள்ளை. உன்னை விட்டால் எனக்கு ஆர்?"

இந்த முறை அவள் வெளியே காது கொடுக்கவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்துச் சொன்னாள். மெதுவாகச் சொன்னபோது சொற்கள் காதில் விழுந்தன. "இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்..." எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்! இன்றுதான் அது கேட்டது.

'மாதாவே, இப்ப. இப்பவே இவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கோ. நான் இனி ஓடமாட்டன்.'

கரண்டி கரண்டியாகப் பின்னேரம் போனது. வெயில் தாழ்ந்தது. கிளித்தட்டுக் கூச்சல் ஓய்ந்ததையும் அவள் கவனிக்கவில்லை. கால் விறைத்தது, அசைக்கவில்லை. கிண்ணத்தில் பாதி குறைந்திருந்தது. குழந்தை பிறகு சத்தி எடுக்கவே இல்லை.

திடீரென்று மடி சுட்டது. குனிந்து பார்த்தாள். சட்டை முழுவதும் ஈரம்.

"அக்கா! மூத்திரம் பெய்திட்டான்!"

அக்கா பாய்ந்து வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "விடியத் தொடக்கம் பெய்யேல்லை, பிள்ளை! உடம்பில தண்ணி நிக்குது. இவன் தப்பிட்டான்!" சொல்லிக்கொண்டே அழுதார், அழுகைக்கு நடுவே சிரித்தார். பரராசசிங்கம் கண்ணைத் திறந்து, சத்தம் போடுவது யார் என்று பார்த்தான்.

"கொண்டா, நான் வைச்சிருக்கிறன். நீ போய் உடுப்பை மாத்து, குஞ்சு."

"பொறுங்கோ அக்கா," என்றாள் மேரிஜோசப்பின். "ஏழாவது மணியில நிக்கிறன்."

ஈரச் சட்டையோடு அப்படியே இருந்து, எட்டாவது மணியை மெதுவாகப் பிடித்தாள்.