சோப்பு போன வழி

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யாருக்கும் உடம்பு சுடுவதில்லை. சுட்டாலும் வாயைத் திறப்பதில்லை. கப்பலோடு வந்த காய்ச்சலுக்கு மாலுமிகள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னால் தெருமுனைச் சொல்தடமி கேட்டுவிடும், சொன்னவரைத் தீவு முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கென்ன பைத்தியமா?

சொல்தடமியை உண்டாக்கியவள் பெர்னதெத். ஒரு சொல் யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போனது என்று பின்னோக்கிப் பிடிக்கும் கருவி அது. முதல் சோதனைக்குச் சோப்பைத்தான் எடுத்துக்கொண்டாள். ரோமானியர் வாயில் சாப்போ, அரபு வணிகர் வாயில் சாபூன், போர்த்துக்கீசியர் வாயில் சபாவ், மலாய்க்காரர் வாயில் சாபுன். சரக்கு போன வழியெல்லாம் சொல்லும் போயிருந்தது. சரக்கைத் தொட்டவனிடம்தான் சொல் இருக்கும் என்று அவள் மேடையில் சொன்னதும், அப்படியானால் காய்ச்சலின் பெயரைச் சொல்பவன் நோயாளியைத் தொட்டவன் என்று கணக்குப் போட்டுத் துறைமுக நோய்க்காவல் படை கருவியை வாங்கிக்கொண்டது.

சோப்பு போன வழியைக் கருவி வரைந்த வரைபடம் உண்மையில் அத்தனை சுத்தமில்லை. சோப்பைக் கண்ணால் பார்க்காமலே, வெறும் பேச்சில் கேட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்ட ஊர்களும் இருந்தன. அந்த ஊர்களுக்குப் போன கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் படத்தைக் கெடுத்ததால் அவளே அழித்திருந்தாள்.

இன்று காலை அவளுடைய சின்ன மகள் ஸ்டெல்லா, வாசலில் பொம்மையைப் படுக்கவைத்து, காய்ச்சலின் பெயரைச் சொல்லி வைத்தியம் பார்த்தாள். வீட்டுக்குள் அம்மா கிசுகிசுத்த வேலைப் பேச்சில் கேட்ட பெயர். பெர்னதெத் ஓடிப்போய்ப் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அதற்குள் நோய்க்காவல் வண்டி வந்துவிட்டது.

படை அதிகாரி அருளப்பன் காவலர்களோடு இறங்கினார். பிள்ளைக்குச் சூடே இல்லை, தொட்டுப் பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். முகாமில் நோய் நிஜமாகவே இருந்தது. நல்ல உடம்போடு போன பிள்ளைகள்கூட அங்கிருந்து திரும்பியதில்லை. அழித்த கோடுகளைப் பற்றியும் சொல்லி அழுதாள்.

அருளப்பனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நோயாளியைப் பார்க்காத பிள்ளை அதை எப்படிச் சொல்லும் என்று கத்தியவர், பெயரையும் சேர்த்தே கத்திவிட்டார். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த சின்னச் சொல்தடமி சிவந்தது.

"வேலையில கேட்டதுதான்ப்பா. நான் யாரையும் தொடலையே" என்று காவலர்களிடம் சொன்னார்.

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்" என்றாள் பெர்னதெத்.

காவலர்கள் கையுறையை மாட்டிக்கொண்டார்கள். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்தில் அவரையும் ஏற்றினார்கள். பிள்ளை அம்மாவைத் தேடி அழுதது. பெர்னதெத் வண்டிக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டு, தெருமுனைவரை கேட்கும்படி அந்தப் பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.

ஒரே தெருவில் மூன்று நோயாளிகள் என்று சொல்தடமி பதிந்துகொண்டது. கருவி தப்பே செய்வதில்லை என்று ஊரே பேசிக்கொண்டது.