பதினேழாவது வரி

வரதராஜன் எழுதிக் கொடுத்த ரூட் தாளில், பதினேழாவது வரியில், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

பதினாறாவது வரியில் தாழ்வான மின்கம்பி. பதினெட்டில் பழைய சிறுபாலம். நடுவில் இது: ‘கனகம்மாசத்திரம் தாண்டி மூன்றாவது கிலோமீட்டர், இடப்பக்கம். ஆள் நிற்கிறான். உயரம் ஒன்பது மீட்டர். கையைத் தொங்கவிட்டிருந்தால் போகலாம்.’

நூர் முஹம்மது மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை நாக்கில் இனிப்பு ஊறியது. அவர் திருத்தணி லாரி ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக ரூட் எழுதுகிறவர். லோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு ஜீப்பில் மூங்கில் கழியை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு, அது எந்தக் கம்பியில் முட்டுகிறது, எந்தக் கிளையில் முட்டுகிறது என்று வெயிலில் போய்க் குறித்து வந்தவர். வரதராஜன் வந்து மூன்றே வருஷம். நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடி உட்காருவான், பிறகு எழுதுவான். அவன் எழுதிய பள்ளம் எழுதிய இடத்தில் இருக்கும். அவன் எழுதிய எருமைகூட எழுதிய இடத்தில்தான் படுத்திருக்கும். டிரைவர்கள் வரதராஜன் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நூர் முஹம்மதுவின் தாளில் வடையை வைத்து எண்ணெய் பிழிவார்கள்.

இப்போது வந்திருப்பது தொண்ணூற்றெட்டு டன் டிரான்ஸ்ஃபார்மர். அசாம் வரை, ஐந்து மாநில பர்மிட். இதைப் பத்திரமாகச் சேர்க்கிறவருக்கு ரூட் பிரிவு, மற்றவருக்கு டயர் கிடங்கு என்று முதலாளி மனோரமா சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானமே மனைவியின் தம்பி முஸ்தஃபா ஜீப்பை ஓட்ட, ஐந்தரை மீட்டர் கழியோடு நூர் முஹம்மது புறப்பட்டார். மூன்றாவது கிலோமீட்டரில் இடப்பக்கம் வேர்க்கடலைக் கொல்லை. மரம் இல்லை, கம்பம் இல்லை. கழி எதிலும் முட்டாமல் போனது. ஆனால் ஓர் இருபது அடி தூரத்துக்கு மட்டும் ஜீப்பின் இரைச்சல் பாலத்துக்கு அடியில் போவதுபோலத் திரும்பி வந்தது. வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த கதவு சட்டென்று குளிர்ந்தது. நனைந்த கோணிப்பை நாற்றம் ஒன்று மேலிருந்து இறங்கியது.

“மச்சான், நிழலு எங்கேர்ந்து வந்துச்சி?” என்றான் முஸ்தஃபா.

“வாய மூடிகினு ஓட்டு.”

நிழலைத் தாளில் எழுத இடம் இல்லை. எழுதவும் இல்லை.

ஆபீசில் வரதராஜன் தாளை மனோரமாவிடம் நீட்டி, அங்கே கழி எதிலும் முட்டவில்லை என்றபோது அவர் சிரித்த சிரிப்பில் நூர் முஹம்மதுவுக்குப் பத்து வயது குறைந்தது.

“அப்ப அடிச்சிட்டு நீங்களே கையெழுத்து போட்டுடுங்க பாய். பைலட்டா லோடுக்கு முன்னால போறதும் நீங்கதான்.”

பதினேழாவது வரியைச் சிவப்பு மையால் அடித்து, ‘தடை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். வரதராஜன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“அடிச்சது அடிச்சதுதான் பாய். ஆனா கழி முட்டுச்சினா லோட நிறுத்திட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. நான் வந்து பேசிக்கிறேன்.”

வந்து பேசுவானாம். ராத்திரி முழுக்க அந்த வார்த்தை நூர் முஹம்மதுவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

மறுநாள் விடிகாலை ஐந்தரை. தை மாதப் பனி கொல்லைகளிலிருந்து எழுந்து ரோட்டை விழுங்கியிருக்க, ஜீப் விளக்கின் வெளிச்சம் பத்தடியில் பால்போலத் திரிந்து நிற்க, கண்ணாடித் துடைப்பான் கிறீச் கிறீச்சென்று அழ, பின்னால் இருநூறு அடியில் டிரைவர் சுப்பிரமணி ஓட்டிவரும் டிரான்ஸ்ஃபார்மர் டிரெய்லரின் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கிலோமீட்டர் கல்.

நனைந்த கோணி நாற்றம்.

டொக்.

ஜீப் நின்றது. முஸ்தஃபா பிரேக்கை மிதிக்கவில்லை.

நூர் முஹம்மது தலையை வெளியே நீட்டினார். கழி பின்னால் வளைந்திருந்தது. நுனி பனிக்குள். முட்டியிருந்தால் அதிரும். அதிரவில்லை. எதுவோ அதைப் பிடித்திருந்தது.

“மச்சான்.” முஸ்தஃபாவின் குரல் காற்றாகத்தான் வந்தது. “வரதராஜன் சாருக்குப் போன் போடட்டா?”

“போட்டின்னா கைய ஒடச்சிடுவேன்.”

கழி மெல்ல நிமிர்ந்தது. விட்டுவிட்டது. மேலே மிக உயரத்தில் ஏதோ மூச்சை இழுத்துக்கொண்டது. இடப்பக்கமிருந்து வலப்பக்கமாக ஒரு கனம் நகர்ந்தது. ரோட்டின் நடுவுக்கு.

போன் அடித்தது. சுப்பிரமணி.

“பாய், நின்னுட்டீங்களா? லைன் கிளியரா?”

ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டால் போதும். வரதராஜன் பைக்கில் வருவான். லுங்கியோடு வருவான். மேலே பார்த்து ஏதோ சொல்லுவான். அது தள்ளி நிற்கும். டிரைவர்கள் ஊர் ஊராகச் சொல்லுவார்கள். அசாம் வரைக்கும் சொல்லுவார்கள். நூர் முஹம்மது கிடங்கில் டயர் எண்ணிக்கொண்டிருப்பார்.

“கிளியர்,” என்றார். “வா.”

ஜீப் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் இரண்டு விளக்குகள் பின்தொடர்ந்தன. கண்ணாடியின் நடுவில். பிறகு நடுவுக்குச் சற்று மேலே. பிறகு விளிம்பில். பிறகு கண்ணாடியில் இல்லை.

தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்த உறுமல் நின்றது. இப்போது அது கூரை வழியாக வந்தது.

“பாய்!” போனில் சுப்பிரமணி குழந்தைபோலச் சிரித்தான். “இன்னா ரோடு பாய் இது! பனில ஒண்ணும் தெரியல, ஆனா ஒரு ஆட்டம் இல்ல, ஒரு குலுக்கல் இல்ல. முப்பது வருசத்துல இப்பிடி ஓட்டுனதே இல்ல. வரதராஜன்லாம் உங்க கிட்ட நிக்க முடியுமா? கேக்குதா பாய்?”

முஸ்தஃபா ஜீப்பை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“ஆங்,” என்றார் நூர் முஹம்மது. “கேக்குது.”

தலையை வெளியே நீட்டிய அவர் நெற்றியில் ஒரு சொட்டு கிரீஸ் விழுந்தது. அண்ணாந்தார். தலைக்கு மேலே, பனிக்குள், தொண்ணூறுக்கு மேற்பட்ட சக்கரங்கள் எதையும் தொடாமல் சீராகச் சுழன்றுகொண்டே வாய்போலக் கறுத்திருந்த ஓரிடத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.