ஒன்றரை மீட்டர்

“அப்ப சைக்கிள்காரங்க எங்கதான் போவாங்க? ஆகாசத்துலயா?”

“ஓரமாப் போகட்டுமேக்கா, யாரு வேணாங்குறா? ரெண்டு ரெண்டு பேரா சாமி ஊர்வலம் மாதிரி நடு ரோட்டுல போனா, பின்னாடி வர்றவன் வண்டியத் தோள்ல தூக்கிட்டா போவான்?”

“ஓரத்துல ஜல்லி கிடக்கு. சைக்கிளுக்கு மெல்லிசு டயரு, வழுக்கி விட்ரும்.” ஜன்னலோரம் இருந்தவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். “அவரு அப்படித்தான் சொல்லுவாரு.”

இன்தா கியரை மாற்றினான். சந்தைக்கும் மலை உச்சிக் கோயிலுக்கும் இடையே இருபத்திரண்டு வருடமாகச் சிவப்பு ஷேர் வண்டி ஓட்டுகிறவன் அவன். இந்தச் சாலையில் எந்தக் கல் எந்த மழையில் உருண்டு வந்தது என்பது வரைக்கும் தெரியும். பின்னால் எதிரெதிராகப் போட்ட இரண்டு பெஞ்சுகளும் இன்று காலியாகக் கிடந்தன. மூன்று பேரும் முன் இருக்கையிலேயே அடங்கிவிட்டார்கள்: அவன், நடுவில் பூவா அக்கா, ஜன்னலோரம் சாய்பின் என்ற அந்தப் பெண்.

பூவா அக்கா சியாங் மாய் சந்தையில் பன்றித்தோல் வறுவல் விற்பவள். அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விபத்தில் அதிர்ந்துபோனவனின் உயிர் சில சமயம் உடம்பை விட்டுத் தெறித்து, விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். உடம்பு மட்டும் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். அந்த உயிரைக் கைவலையால் அள்ளிக்கொண்டு வந்து உடம்பிடம் சேர்க்க வேண்டும். சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரைப் பூவா அக்கா பத்தாம் நாளே எழுந்து பல் விளக்க வைத்தாள் என்று சந்தையில் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் கைவலை இப்போது சாய்பினின் மடியில் இருந்தது. வயல் வாய்க்காலில் மீன் அள்ளுகிற, மூங்கில் பிடி போட்ட சாதாரண வலை. அதற்குள் ஓர் அவித்த முட்டை, ஒட்டரிசிச் சோற்று உருண்டை, ஒரு வாழைப்பழம். மேலே அவள் புருஷனின் மடித்த சட்டை.

“நாளைக்குக் காலையில டாக்டர் என்னைக் கூப்பிட்டிருக்காரு” என்றாள் சாய்பின். “மூச்சுக் குழாய எடுத்துரலாமான்னு கேப்பாரு. நாப்பத்திரெண்டு நாளாச்சில்ல.”

“நாளைக்குத்தான? இன்னைக்கு மத்தியானமே கூட்டிட்டுப் போயிரலாம். அழுவாத கண்ணு. முட்டைய நசுக்கிராத.”

சாய்பின் முட்டையைச் சரிசெய்யச் சட்டையை விரித்தாள். சைக்கிள்காரர்கள் போடுகிற உடம்பை ஒட்டிய மஞ்சள் சட்டை. ஆஸ்பத்திரியில் கத்திரிக்கோலால் நடுவே வெட்டியிருந்தார்கள். அதை அவள் தன் கையால் தைத்திருந்தாள். முதுகில் ஓர் அம்புக்குறியும் அதன் கீழே கறுப்பு எழுத்துகளும் இருந்தன.

ஒன்றரை மீட்டர் தள்ளிப் போங்கள்.

இன்தாவின் கால் பிரேக்கில் தன்னால் அழுந்தியது.

“என்னப்பா?”

“நாய்க்கா. குறுக்க வந்துருச்சு.”

சாலையில் நாய் எதுவும் இல்லை.

இன்று காலை சந்தை ஸ்டாண்டு வரிசையில் அவன் நான்காவது வண்டி. முதல் வண்டிக்குப் பஞ்சர். இரண்டாவது வண்டிக்காரன் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தான். மூன்றாமவன் அப்போதுதான் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். வலையோடு வந்து நின்ற இரண்டு பெண்களையும் கண்டபோது, எங்கே போக வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

மேலே ஏற ஏறப் பனிமூட்டம் இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஈரத் தாரும் பைன் மரமும் கலந்த வாசனை. முன்னால் இரண்டு சைக்கிள்கள் அக்கம்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தன. பழக்கதோஷம், இன்தா ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். வலப்பக்கம் போனவன் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினான். வண்டி அவர்களை உரசுவது போலக் கடந்தபோது, உள்ளங்கையால் வண்டியின் பக்கத் தகட்டில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

“அடிச்சிட்டுப் போறான் பாரு, இவன் அப்பன் வாங்கிக் குடுத்த வண்டி மாதிரி!” பூவா அக்கா தலையை நீட்டிச் சிரித்தாள். “டேய், காலு நல்லாத்தான்டா இருக்கு, வாயையும் சேத்து மிதி!”

“அவரும் இப்படித்தான் அடிப்பாரு” என்றாள் சாய்பின். “வண்டி ரொம்ப நெருங்குனா. அடிக்காதீங்க, எவனாவது வன்மம் வச்சுக்குவான்னு நான் திட்டுவேன்.”

இன்தா வைப்பரைப் போட்டான். அவன் பிடரியில் வேர்த்திருந்தது.

அன்றைக்கும் ஞாயிறுதான். ஏறும்போது வழியில் ஒரு மஞ்சள் சட்டைக்காரன் வண்டியில் இப்படித்தான் ஓர் அறை அறைந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த சுற்றுலாக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் இன்தாவால் தாங்க முடியவில்லை. கோயிலில் அவர்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பி வரும்போது, பனிமூட்டத்துக்குள் அதே மஞ்சள் சட்டை. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இன்தா நெருங்கினான். முதுகில் இருந்த எழுத்துகளை வாசிக்கிற தூரத்துக்கு. அதன் பிறகு அவற்றின் தையலைப் பார்க்கிற தூரத்துக்கு. ஏர் ஹாரனில் முழு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினான். எடுக்கவில்லை. அடுத்த வளைவு வரைக்கும் எடுக்கவில்லை.

எடுத்தபோது எதிரே யாரும் இல்லை.

அவன் நிறுத்தவும் இல்லை. மழையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று சாயங்காலம் சந்தையில் பேசிக்கொண்டார்கள். இன்தாவும் ஆமாம் என்றான்.

அந்த வளைவில் மலைத் தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. கடக்கிற வண்டிக்காரர்கள் எல்லாரும் மூன்று முறை ஹாரன் தட்டி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நானும் வணக்கம்தானே சொன்னேன் என்று நாற்பத்திரண்டு இரவும் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டு படுத்தான். ஆனால் வணக்கம் என்பது மூன்று சின்னத் தட்டு. அவன் அடித்தது ஒரே ஒரு நீளம். அன்றிலிருந்து அந்த இடத்தில் அவன் ஹாரனைத் தொட்டதில்லை.

இன்றும் தொடவில்லை.

“ஏம்ப்பா, மலைக்கு மரியாதை கிடையாதா?” பூவா அக்கா திரும்பினாள்.

“ஹாரன் ரிப்பேருக்கா.”

“கீழ அந்தப் பசங்க பின்னாடி நல்லாத்தான அடிச்ச?”

அவன் பார்வையைச் சாலையிலேயே வைத்திருந்தான். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“கொஞ்சம் மேல போயி வண்டியத் திருப்பு. இறங்குற பக்கமாப் பாத்து நிறுத்து. அவன் எந்தப் பக்கமாப் பாத்து வந்தானோ, நாமளும் அப்படியே வரணும்.”

திருப்பினான். வளைவுக்குப் பத்தடி முன்னால் வண்டியை நிறுத்தினான். அன்றைக்கு உள்ளங்கையை எடுத்த இடம் அதுதான் என்பது எஞ்சினை அணைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

வளைவில் கோயிலைச் சுற்றி விபத்துக்குப் பயந்து யார் யாரோ வாங்கி வைத்த சிமென்ட் வரிக்குதிரைகள் நின்றன. பெரிதும் சிறிதுமாக முப்பது இருக்கும். அவற்றின் காலடியில் படையல் வைத்த சிவப்பு சோடா பாட்டில்களில் உறிஞ்சு குழல்கள் நனைந்து சாய்ந்திருந்தன. அதற்கப்பால் தடுப்புச் சுவர் இல்லை. வெள்ளையாகப் பனிமூட்டம்தான் இருந்தது.

பெண்கள் இறங்கிப் போனார்கள். இன்தா இறங்கவில்லை. பூவா அக்கா ஊதுவத்தி ஏற்றி, சட்டையை விரித்துப் பிடித்தாள். சாய்பின் பள்ளத்தின் விளிம்பில் வலையை நீட்டினாள்.

“கோமின், வீட்டுக்கு வாங்க” என்று கூப்பிட்டாள். “சோறு ஆறிப் போவுது. வாங்க.”

வலை காற்றை அள்ளியது. பூவா அக்கா முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“கனக்கல. உயிர் வந்திருந்தா கனத்திருக்கும். திரும்பக் கூப்புடு.”

அப்போதுதான் இன்தாவுக்கு அது கேட்டது.

டிக் டிக் டிக் டிக்.

பின்னாலிருந்து, மேட்டிலிருந்து வந்தது. மிதிக்காமல் உருள விட்ட சைக்கிளின் பின்சக்கரம் போடுகிற சத்தம். அவன் கண்ணாடியில் பார்த்தான். ஈரச் சாலை வெறுமையாக இருந்தது. சத்தம் நெருங்கியது. இடப்பக்க ஜன்னலை ஒட்டிக் கடந்தது. முன்னால் போனது. வேகம் குறைந்தது.

வளைவில் வந்து நின்றது.

சாய்பின் விறைத்து நின்றாள். “அக்கா, அவரு சைக்கிளு. தெருமுனையில வரும்போதே எனக்குத் தெரியும். அவருதான்.”

“அசையாத. அள்ளு.”

அள்ளினாள். முட்டை கனக்கவில்லை.

மறுபடியும் மேட்டிலிருந்து அதே சத்தம். மறுபடியும் ஜன்னலைக் கடந்து, வேகம் குறைந்து, வளைவில் வந்து நின்றது. இந்த முறை இன்தா சாலையைப் பார்த்தான். ஈரத் தாரின் மேல் விரல் தடிமனில் ஒரு கோடு தானாக நீண்டுகொண்டு வந்தது. சக்கரம் இல்லை. கோடு மட்டும்தான். வளைவுக்குச் சற்று முன்னால் அது லேசாக வளைந்தது, ஓட்டுகிறவன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது ஹேண்டில்பார் ஆடுமே, அது போல.

பிறகு அழிந்தது. மறுபடியும் மேட்டிலிருந்து தொடங்கியது.

“வர்றான்” என்றாள் பூவா அக்கா. குரல் கிசுகிசுப்பாகியிருந்தது. “இது வரைக்கும் வர்றான். இங்க வந்து நின்னு பின்னாடி பாக்குறான். எதுவோ வரணும்னு காத்திருக்கான். அது வராம இவனுக்கு அன்னைக்குப் பொழுது முடிய மாட்டேங்குது.”

“என்ன வரணும்?”

“எனக்கென்ன தெரியும் கண்ணு. அன்னைக்குப் பின்னாடி எது வந்துச்சோ அது.”

இன்தா சாவியைப் பிடித்தான். கிளப்பிக்கொண்டு போய்விடலாம். இரண்டு பெண்களும் மலையிலிருந்து நடந்து இறங்கட்டும். யாருக்குத் தெரியப் போகிறது? சாவியைத் திருப்பினான். எஞ்சின் கனைத்துவிட்டு அடங்கியது. இன்னொரு முறை திருப்பினான்.

டிக் டிக் டிக்.

இந்த முறை சத்தம் கடந்து போகவில்லை. வண்டியின் இடப்பக்கம் வந்து நின்றது.

ஒரு நொடி. இரண்டு நொடி.

தகட்டில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

வண்டி முழுக்க அதிர்ந்தது. டாஷ்போர்டில் வைத்திருந்த சாமந்தி மாலை கீழே விழுந்தது. சாய்பின் வலையை இறுகப் பிடித்தபடி வண்டியை நோக்கி நடந்து வந்தாள். அவள் இன்தாவைப் பார்க்கவில்லை. வண்டியின் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பனி படிந்து மங்கியிருந்த சிவப்புப் பெயின்ட்டின் மேல் ஒரு கை பதிந்திருந்தது. விரல் நுனிகள் வெறுமையாகவும், உள்ளங்கை கையுறைத் தையலோடும் தெரிந்தன. சுண்டுவிரல் நேராக இல்லை. பாதியில் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

அவள் தன் கையை அதன் மேல் வைத்தாள். அந்தக் கோணல் விரலை எத்தனையோ ராத்திரி பிடித்துக்கொண்டு தூங்கியவள் வைக்கிற மாதிரி வைத்தாள்.

பூவா அக்காவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, கோயில் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

சாய்பின் கீழே குனிந்தாள். சாலையில் புதிதாக ஒரு கோடு வந்து நின்றிருந்தது. வண்டிக்கும் அதற்கும் நடுவே அவள் இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள்.

சரியாக ஒன்றரை மீட்டர்.

இடப்பக்க ஜன்னல் திறந்திருந்தது. அவள் ஜன்னலுக்கு வந்தாள். திட்டுவாள், அழுவாள், கல்லை எடுப்பாள் என்று இன்தா காத்திருந்தான். அவள் முகத்தில் அது எதுவும் இல்லை. உலை வைத்துவிட்டு ஆள் வருவதற்காகக் காத்திருப்பவளின் முகம் அது.

“தங்கச்சி” என்றான். “நான் மலைக்கு வணக்கம் சொல்லத்தான் ஹாரனை...”

அவன் பார்வை ஹாரனில் போய் நின்றது.

“அக்கா” என்று சாய்பின் திரும்பாமலே கேட்டாள். “அந்தச் சத்தம் திரும்ப வந்தா என்ன ஆவும்?”

பூவா அக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். “பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. வலையிலயும் விழலாம். பள்ளத்துலயும் விழலாம்.”

“நாளைக்குக் குழாய எடுத்தா?”

பூவா அக்கா சட்டையை அவளிடம் நீட்டினாள்.

சாய்பின் தலையாட்டினாள். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிக்குதிரைகளுக்கு நடுவே நடந்து போனாள். விளிம்பின் கடைசிக் கல்லில் கால்களை ஊன்றி, இரண்டு கையாலும் வலையைப் பள்ளத்தின் மேலே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் நீட்டினாள். மூங்கில் பிடி நடுங்கியது.

சாலையில் நின்றிருந்த கோடு மெல்ல நகரத் தொடங்கியது. பம்பருக்கு முன்னால் வந்து, சாலையின் நடுவே, நேராக நின்றது. டிக் என்று ஒரே ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. கோட்டின் நுனி மட்டும் ஈரத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

இன்தாவின் வலது உள்ளங்கை ஹாரனின் மேல் இருந்தது. அதை அங்கே வைத்தது அவன் அல்ல. எடுக்கப் பார்த்தான். வரவில்லை. புறங்கையின் மேல் கையுறை போட்ட இன்னொரு கையின் குளிர்ந்த கனம் அழுத்தாமல் காத்திருந்தது.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து சாய்பினின் குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை.

“அண்ணே, அன்னைக்கு அடிச்ச மாதிரியே அடிங்க. ஒரே ஒரு தடவை, அண்ணே.”