இடுப்பெலும்புக்கு மேலே ஒரு கீற்று

காலை பத்து மணி. காணாமல் போனவை: கருமுட்டை தரும் இரண்டு சினைப்பைகள். பறிகொடுத்தவர்: ரவுடிகளையே நடுங்க வைக்கும் பெண் இன்ஸ்பெக்டர்.

பதினைந்து வயதில் இடுப்புக்குள் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சால் பிழைத்தவர். இப்போது ஒரு குழந்தை வேண்டும். முன்பு ஸ்கேன் எடுத்தவர்களோ, “சினைப்பை தென்படவில்லை, கதிர்வீச்சில் கருகியிருக்கும்” என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு அந்த ‘இருக்கும்’ பிடிக்கவில்லை. சடலம் கிடைக்காமல் கொலை என்று முடிப்பது அவருக்கு ஆகவே ஆகாது.

“மாசாமாசம் பீரியட்ஸ் வருதா?”

“வருது. மாத்திரை இல்லாமலே.”

“திடீர்னு உடம்பு கொதிக்குமா?”

“அக்யூஸ்டைப் பார்த்தா மட்டும்.”

“வயித்துல இந்தத் தழும்பு?”

“அப்போ டெஸ்டுக்காகக் கட்டியைக் கிள்ளிப் பார்த்தாங்க.”

“கிள்ளிப் பார்க்க மூணு தழும்பா?”

டாக்டரம்மா இன்ஸ்பெக்டரின் ஃபைலில் இருந்த பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். போலீஸ் பயிற்சியில் விழுந்தபோது எடுத்தது. இடுப்பெலும்புக்கு மேலே, இரு பக்கமும் வெள்ளையாக ஒரு கீற்று.

“அது பாக்கெட் பட்டன்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பேண்டோடயா எக்ஸ்ரே எடுத்தாங்க?”

“இல்லையே, கழட்டச் சொல்லி கவுன் குடுத்தாங்க...” இன்ஸ்பெக்டர் பாதியில் நிறுத்தினார்.

டாக்டரம்மா கருவியை அடிவயிற்றில் வைக்கவில்லை. விலாவுக்குக் கீழே வைத்துத் தேடினார். வலப்பக்கம் இருந்தது சுருங்கிப் போயிருந்தது. இடப்பக்கம், திரையில் சின்னச் சின்னக் கருவட்டங்கள்.

“பொருள் பத்திரம்! அந்த வட்டமெல்லாம் முட்டை வளர்ற இடம். கீழ்வீட்டுல தேடிட்டு இல்லைன்னுட்டாங்க, இது மாடியில இருக்கு. கதிர்வீச்சு படாம இருக்க சர்ஜன் முன்னாடியே மேல தூக்கித் தைச்சு, இடம் தெரிய உலோகக் கிளிப் போட்டிருக்கார். கருப்பை கொஞ்சம் சிறுத்திருக்கு, ஆனா ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. ஊசி வெச்சு முட்டை எடுத்துப் பார்க்கலாம். நம்பிக்கையா இருங்க.” டாக்டரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

“எனக்கே தெரியாம யார் செஞ்சது?”

“பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு ஆபரேஷன்னா யார் சம்மதிக்கணும்? குற்றவாளி வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்கார்.”

வெறும் வயிற்றுவலி என்று மகள் சொன்னதை நம்பித் துணைக்கு வந்த அப்பா, உள்ளே அழைத்ததும் உடனே ஒப்புக்கொண்டார். “ஆமாம்மா. உயிரே ஊசலாடுது, இப்ப இதுவா முக்கியம்னு சொந்தக்காரங்க எல்லாம் காறித் துப்பினாங்க. என் பொண்ணு பொழைப்பா, பொழைச்சு நல்லா வாழ்வான்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன். பலிக்குமான்னு தெரியாம உனக்கு ஆசை காட்ட மனசு வரல.”

திரையை உற்றுப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“அன்னிக்குத் திட்டினவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணும், டாக்டர்.”

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பேரை மட்டும் சொல்லுங்கப்பா. நான் ஜீப் அனுப்புறேன்.”