மணிக்குரலைக் கொன்றது யார்?

காலை 9.10. மணிக்குரல் செத்துக் கிடந்தது.

பயப்பட வேண்டாம், அது ஆள் இல்லை. பாடநூலை வாய்விட்டுப் படித்து ஒலிநூலாக்கும் கணினி நிரல். பார்வையற்ற மாணவர்களுக்காக வரலாற்றுப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தது, “மன்னர் தன் படையை” என்ற இடத்தில் வாயை மூடிவிட்டது. ஒலிநூல் மாலைக்குள் பள்ளிக்குப் போயாக வேண்டும். மறுநாள் பரீட்சை.

அறையில் மூன்று பேர். நிரல்களை எல்லாம் எழுதிய மேலாளர். அவற்றுக்குக் கையேடு எழுதும் பெண். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் விடமாட்டாள் என்பதால் ‘அகராதி’ என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயருக்குத் திமிர் பிடித்தவள் என்றும் பொருள் உண்டு, அதற்கும் அவள் கோபித்துக்கொண்டதில்லை. மூன்றாமவர் கண்டக்டர். இருபது வருடம் பேருந்தில் விசில் ஊதியவர், நாற்பத்தைந்து வயதில் கணினி கற்று போன மாதம்தான் சேர்ந்தார். வேலை இன்னும் உறுதியாகவில்லை.

“எமனைக் கூப்பிட்டது நீங்கதானே?” என்றார் மேலாளர்.

எமன் அவர் எழுதிய கட்டளை. உறைந்துபோன நிரலின் பெயரை எமனுக்குப் பக்கத்தில் தட்டினால் போதும், அதன் கதை முடிந்தது.

“ஆமா சார். சுவர்த் திரையில நேரம் காட்டுற மணிக்கூண்டு நிரல் அப்படியே நின்னுபோச்சு. அதைத்தான் முடிச்சேன்.”

“அவசரத்துல மணிக்குரல்னு அடிச்சிருப்பீங்க.”

“இல்ல சார்.”

“தப்பு எல்லாருக்கும் வரும். ஒத்துக்கிட்டா வேலையில இருங்க. பொய் சொல்றவரை நான் வெச்சுக்க முடியாது.”

“செய்யாததை எப்படி சார் ஒத்துக்கிறது?”

கண்டக்டர் தன் டம்ளரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அகராதிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மனசு சாட்சிக் கூண்டில் ஏறாது. அவர் தட்டிய வரி திரையில் அப்படியே இருந்தது: எமன் மணிக்கூண்டு.

“கணினியில வேற ஜன்னலைத் திறந்து இன்னொண்ணு அடிச்சிருக்கலாமே?” என்றார் மேலாளர்.

“ரெண்டும் எப்போ செத்துச்சு சார்?” என்றாள் அகராதி.

“ஒரே நொடியில.”

“மணிப்புறா?”

மணிப்புறா கடிதம் அனுப்பும் நிரல். மேலாளரின் மகள் பெயர் மணி; பாசம் அப்படி, பெற்ற நிரல்களுக்கெல்லாம் அதே பெயர்.

“அதுக்கென்ன, பறந்துகிட்டுதான் இருக்கு.”

காலை 10.25. அகராதி எமனுக்கான கையேட்டை எடுத்தாள். மேலாளர் தந்த குறிப்பு முதல் வரியிலேயே இருந்தது: ‘முழுப் பெயரைக் கொடுத்தால் அந்த நிரல் மட்டுமே நிற்கும்.’ மணிக்கூண்டை மறுபடி ஓடவிட்டு, ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்தாள். அதில் மணிக்கூண்டின் பெயர் ‘மணிக்’ என்று பாதியில் நின்றிருந்தது.

“இது ஏன் சார் அரைகுறையா நிக்குது?”

“கட்டம் சின்னது. எப்பவும் அப்படித்தான்.”

“கீழ இருக்கிற ஆங்கிலப் பேரு இதைவிட நீளம். அது மட்டும் முழுசா இருக்கே?”

அகராதி ஒரு வேலையும் செய்யாத இரண்டு குட்டி நிரல்களை எழுதி ஓடவிட்டாள். மணிக்கதவு, மணிக்கயிறு.

“நீங்களே அடிங்க சார். கதவை மட்டும்.”

மேலாளர் எழுத்தெழுத்தாகத் தட்டினார். எமன் மணிக்கதவு.

கதவு போனது. கயிறும் போனது. சுவரில் நேரம் காட்டிக்கொண்டிருந்த திரையும் இருண்டது. மணிப்புறா மட்டும் பறந்துகொண்டிருந்தது.

“கொலைகாரன் எமனேதான் சார்,” என்றாள் அகராதி. “பேருக்குப் பதினஞ்சு இடம்தான் பார்க்கிறான். ஆங்கில எழுத்துன்னா ஆளுக்கு ஒரு இடம் போதும். நம்ம எழுத்துக்கு மூணு. அதுலயும் ‘ணி’யோட வளைவு தனி, ‘க்’கோட புள்ளி தனி. ம, ண, வளைவு, க, புள்ளி. அஞ்சு மூணு பதினஞ்சு. அதோட படிக்கிறதை நிறுத்திடுறான். ‘மணிக்’னு தொடங்கினா அவனுக்கு எல்லாம் ஒரே ஆளு. புறாவுக்கு ‘ப்’ வந்ததால உயிர் தப்பிச்சது. அண்ணா அடிச்சது சரி. நம்ம குறிப்புதான் தப்பு.”

கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்போ நான் ஒரு ஸ்டாப்பைத்தான் சொன்னேன், ரெண்டு பேரு இறங்கிட்டாங்க!”

மேலாளர் சிரிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பையிலிருந்து டம்ளரை எடுத்து, கண்டக்டரின் மேசையில் பழைய இடத்திலேயே வைத்தார்.

“மன்னிச்சிடுங்க. உங்க வார்த்தையை நான் நம்பியிருக்கணும். வேலை இன்னைக்கே உறுதி.”

கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “முதல்ல புள்ளைங்க பாடம் சார். படிச்சது வரைக்கும் பத்திரமாத்தான் இருக்கு. மீதி ரெண்டு பாடம், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்.”

அகராதி கையேட்டின் முதல் வரியை அடித்துவிட்டு எழுதினாள்: ‘எச்சரிக்கை. எமன் தமிழ்ப் பெயரை முழுதாகப் படிக்கமாட்டான். பட்டியலைப் பார்த்தபின் கூப்பிடவும்.’

கண்டக்டர் மணிக்குரலை ஓடவிட்டார். பழக்க தோஷம், மேசையை இரண்டு தட்டு தட்டினார்.

“போலாம், ரைட்!”

ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. விட்ட இடத்திலிருந்து குரல் தொடங்கியது.

“மன்னர் தன் படையை வீட்டுக்கு அனுப்பினார்.”