இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

அழித்துவிட்ட ஆப்பிலிருந்து மணி அடித்தது. ‘அப்பாவைப் புரட்டு. பகல் 2.00.’ அப்பா போய் நாற்பது நாளாகிறது.

“இன்னும் அடிக்குதுடா,” என்றாள் போனில், தம்பியிடம்.

“அது குப்பை ஆப்க்கா. வேற பாரு. நீதானே காலண்டர் ராணி?”

ராணிதான். வீட்டிலிருந்தபடியே டாக்டர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அப்பா படுத்த படுக்கையானதும் மேஜையை அவர் கட்டிலோரம் போட்டுக்கொண்டாள். மருந்து, துடைப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் காலண்டரில் ஏறின. செய்ததும் டிக் போடவேண்டும். வெளியூரில் இருந்த தம்பி அந்த டிக்கை மட்டும்தான் பார்ப்பான்.

முதல் மாதம் ஒழுங்காகப் புரட்டினாள். பிறகு அலுத்துவிட்டது. காலையில் பல் தேய்த்த கையோடு அன்றைய டிக் அத்தனையையும் மொத்தமாகப் போட்டுவிடுவாள். அப்பாவின் இடுப்புக்குக் கீழே தோல் கறுத்து, பிளந்து, உள்ளே மூன்று விரல் போகிற குழி விழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அதன்மேல் பவுடர் தூவினாள். அப்பா போனதும், தம்பி வந்து சேர்வதற்குள் புண்ணைத் துணி சுற்றி மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அவன் மட்டும் அதை ஒருநாள் தெரிந்துகொண்டால்? அந்தப் பயத்தில்தான் பழைய ஆப்பின் சுவடே இருக்கக்கூடாது என்று புது ஆப் தேடினாள்.

முதல் மென்பொருளில் கட்டங்கள் அதிகம். இரண்டாவது, எதைத் தொட்டாலும் காசு கேட்டது. மூன்றாவது சுத்தமாக, வெள்ளையாக இருந்தது. பழைய பட்டியலைக் கொண்டுவரவா என்று கேட்டதற்கு ‘வேண்டாம்’ என்று அழுத்தி, ஆப் மாற்றிவிட்டது அவனுக்கும் தெரியட்டும் என்று தம்பியையும் சேர்த்தாள்.

அப்போதுதான் இடுப்புக்குக் கீழே ஈரம் உறைத்தது. வியர்வை என்று நினைத்து நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். துணி தோலோடு ஒட்டி, பிசுக்கென்று பிரிந்தது. தொட்டுப் பார்த்த விரலில் மஞ்சளாக, நூல்நூலாக ஏதோ இழுபட்டது. அதே வாடை. ரப்பர் விரிப்பும் பழைய களிம்பும் அழுகிய சதையும் கலந்து, நாற்பது நாள் பினாயில் ஊற்றிக் கழுவிய அதே வாடை, இப்போது அவள் உடம்பிலிருந்து வந்தது. எழுந்தாள். கால்கள் இல்லாததுபோல் மடிந்தன. பக்கத்தில் இருந்தது அப்பாவின் கட்டில்தான்.

மல்லாந்து விழுந்தாள். கை அசையவில்லை. நாக்கும்.

கண் மட்டும் அசைந்தது. மேஜைமேல் திரை. வெள்ளைக் காலண்டரில் ஒரே ஒரு வேலை.

‘மகளைப் புரட்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பொறுப்பு: அப்பா.’

வரட்டும், என்று நினைத்தாள். அந்தக் கைகளாவது வரட்டும்.

யாரும் வரவில்லை. நான்கு மணிக்கான கட்டத்தில் டிக் விழுந்தது. மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை. ஆறு. டிக். எட்டு. டிக். பத்து. டிக்.

திரையின் ஓரத்தில் தம்பியின் செய்தி எட்டிப் பார்த்தது. ‘புது ஆப் சூப்பர்க்கா. எல்லாத்துக்கும் டிக் விழுந்திருக்கு. இனி கவலையே இல்ல.’

முதுகுக்கடியில் தோல் மெல்லக் கிழிந்து, வெதுவெதுப்பாக விரிப்பில் பரவியது. திரையில் நாளைய நாள் திறந்தது. காலை ஆறு. டிக். எட்டு. டிக்.