அழிந்துபோன ஓர் எழுத்து

மூன்று மணிக்குக் கழுகுப்பாறைக்கு வெடி! குவாரிக்காரர்கள் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கத்திவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது மணி பதினொன்று.

"நாலு மணி நேரம் இருக்கு, ஏறுங்க!" என்றாள் சாந்திமதி. கல்லூரியில் கல்வெட்டியல் நடத்துகிறவள். அந்தப் பாறைக் குகையில் சமண முனிவர் காலத்து எழுத்து இருக்கிறது என்று ஆறு மாதமாக மனு மேல் மனு போட்டாள். தாலுகா ஆபீசில் படம் எங்கே என்றார்கள். படம் எடுக்கப் போனால் குவாரி ஆட்கள் வழியை மறித்தார்கள். அதனால்தான் இன்று பின்பக்கச் சரிவில், பாதையே இல்லாத இடத்தில் ஏறுகிறாள். படம் கிடைத்தால் மலை பிழைக்கும். கிடைக்காவிட்டால் நாளைக்கு அது லாரியில் போகும் ஜல்லி.

முன்னால் கயிற்றோடு போனவர் கன்னியப்பன். தேன் எடுத்துப் பிழைக்கும் இருளர். கடைசியில் சாந்திமதியின் தம்பி ஜீவபந்து. ஊர்ச் சமணக் கோயிலான ஜினாலயத்தின் தர்மகர்த்தா. எறும்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான்.

"இப்படிப் போனா நாளைக்குத்தான் சேருவோம், சார்!" என்று சிடுசிடுத்தார் கன்னியப்பன்.

அவர்களிடம் இருந்த துப்பு ஒரே வரிதான். பழைய நில அளவைக்காரர் ஒருவர் குகைச் சுவரைப் பார்த்து நோட்டில் எழுதி வைத்தது: 'அஞ்சினான் பு...லிடம்.' சுவரிலேயே நடுவில் எழுத்து அழிந்திருந்தது.

"புதையலிடம்! வேற என்னக்கா இருக்க முடியும்?" என்றான் ஜீவபந்து மூச்சிரைக்க. "நம்ம ஆளுங்க பயந்துபோய்ச் சிலையெல்லாம் ஒளிச்சு வெச்ச இடம். அது மட்டும் கிடைக்கட்டும், நாம யாருன்னு காட்டறேன்! ராஜாக்கள் மட்டும் நம்மைக் கைவிடாம இருந்திருந்தா இன்னிக்கு நாடே சமணம்தான். இப்ப பாரு, ஊர்ல பதினோரு வீடு!"

"ராஜா போனா எல்லாரும் போயிடுவாங்களா? அவ்வளவு லேசான ஒட்டா அது?"

"அப்ப வேற என்ன காரணம்? சொல்லேன்!"

அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. விறுவிறுவென்று ஏறினாள்.

குகை வாசலுக்கு வந்ததும் மூவரும் அப்படியே நின்றார்கள். வாசலை அடைத்துக்கொண்டு ஆள் உயர மலைத்தேன் கூடு! கன்னியப்பன் தீப்பெட்டியை எடுத்தார். ஜீவபந்து பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"கூடாது! ஆயிரக்கணக்கான உயிர்!"

"உள்ள போவணுமா, வாணாமா?" கன்னியப்பன் பொரிந்து தள்ளினார். "பூச்சி மேல இவ்ளோ பாசம் வெக்கறீங்களே, போன மழையில எங்க குடிசையெல்லாம் முங்கிச்சு. குழந்தை குட்டியோட உங்க கோயில் மண்டபத்து வாசல்ல நின்னோம். உங்கள மாதிரி இல்லாம ராத்திரி சாப்புடறவங்க, கறி தின்றவங்கன்னு பூட்ட எடுக்கவே இல்ல. சாவி உங்ககிட்டதான சார் இருந்துச்சு?"

ஜீவபந்துவின் முகம் சிவந்தது. பிடித்திருந்த கையை விட்டான். சாந்திமதி தம்பியைப் பார்த்த பார்வையில் அனல் பறந்தது. இந்த விஷயம் அவளுக்கு இதுவரை தெரியாது.

கன்னியப்பன் தீப்பெட்டியை மடியில் செருகினார். "பின்னாடி ஒரு நரிப்பொந்து இருக்கு. ஊர்ந்து வாங்க!"

முழங்கை சிராய்க்க, முதுகில் பாறை உரச ஊர்ந்தார்கள். உள்ளே இருட்டு. சாந்திமதி டார்ச்சை அடித்தாள். முனிவர்கள் படுத்த வழவழப்பான கற்படுக்கைகள் தெரிந்தன. ஒரு படுக்கையில் யாரோ அசைந்தார்கள்!

"அடிக்காதீங்க! நான் வந்துடறேன்!" ஒரு பெண் கைகளால் தலையை மூடிக்கொண்டு அலறினாள்.

அவள் பெயர் தேசம்மா. குவாரியில் கல் உடைக்கிறவள். முந்தாநாள் வெடியில் அவள் புருஷனின் கால் நசுங்கிவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். போலீசுக்குப் போகிறேன் என்றவளைத் துரத்தினார்கள். ஓடி வந்து நரிப்பொந்து வழியாக நுழைந்து இங்கே ஒளிந்திருக்கிறாள்.

"பாவிகள்! மூணு மணிக்கு இந்தப் பாறைக்கே வெடி வெக்கப்போறாங்க, தெரியுமா?" என்று கத்தினாள் சாந்திமதி.

கத்தியது வெளியே கேட்டுவிட்டது. தட்தட்டென்று காலடிச் சத்தம். கூடு அடைத்த வாசலுக்கு அந்தப் பக்கம், தேசம்மாவைத் தேடி அலைந்த குவாரி மேஸ்திரியும் நான்கு பேரும் வந்து நின்றார்கள்.

"யோவ், உள்ள யாரு? மனு போட்ட டீச்சரா? தம்பி அந்தக் கோயில்காரரும் இருக்காரா?" மேஸ்திரியின் குரல் திடீரென்று இளகியது. "சார், நமக்குள்ள எதுக்குச் சண்டை? அந்தப் பொம்பளைய மட்டும் அனுப்பிடுங்க. முதலாளிகிட்ட பேசி இந்தப் பாறையை விட்டுடச் சொல்றேன். குகையை நீங்களே வெச்சிக்கோங்க!"

ஜீவபந்து சுவரைத் திரும்பிப் பார்த்தான். குகை! எழுத்து! எல்லாம் ஒரே வார்த்தையில் கைக்கு வரும்! தேசம்மா அவனையே பார்த்தாள்.

சாந்திமதி ஈரத்துணியால் எழுத்து வெட்டிய சுவரைப் பரபரவென்று துடைத்துக்கொண்டிருந்தாள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் அழிந்துபோன எழுத்து நிழலாக எழுந்து நின்றது. கைபேசியில் படம் படமாக எடுத்தாள்.

"தம்பி! நடுவுல இருக்கறது 'க'டா! ஒரே எழுத்து! புதையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. புகலிடம்! அஞ்சினான் புகலிடம்!"

"என்னக்கா?"

"பயந்து ஓடி வந்தவங்களுக்கு அடைக்கலம் குடுத்த இடம்டா! அன்னிக்கு நம்ம முனிவருங்க சோறு, மருந்து, எழுத்து, அடைக்கலம்னு குடுத்தாங்க, ஜனங்க வந்தாங்க. நாம குடுக்கறதை நிறுத்திட்டு ராஜாமேல பழியைப் போடறோம்! இன்னும் நாலு மண்டபத்தைத் திறந்து வெச்சிருந்தா நாம ஏன்டா பதினோரு வீடாகறோம்?"

ஜீவபந்து தேசம்மாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு வாசலைப் பார்த்துக் கத்தினான்: "அனுப்ப முடியாது! போய் உன் முதலாளிகிட்ட சொல்லு!"

"அப்படியா? கொளுத்துடா பந்தத்தை!"

"டேய், புகை போடாதீங்க!" ஜீவபந்து பதறினான். "தேனீ சாகும்! உங்களையும் விடாது, சொன்னா கேளுங்க!"

கேட்டால்தானே! பந்தம் எரிந்தது. காற்று எதிர்ப்பக்கமாக வீசியது. அடுத்த நிமிடம் கூடு முழுவதும் உறுமிக்கொண்டு கிளம்பியது. "ஐயோ, அம்மா!" என்ற அலறல் மலையடிவாரம் வரைக்கும் உருண்டது!

"இப்பதான் நேரம், வாங்க!" கன்னியப்பன் நரிப்பொந்து வழியாக எல்லோரையும் வெளியே இழுத்தார். மறுபக்கச் சரிவில் கைபேசிக்குச் சிக்னல் வந்ததும் சாந்திமதி படங்களைத் தாசில்தாருக்கு அனுப்பினாள். போன் போட்டு, பூட்டிய கொட்டகையில் கால் நசுங்கிய மனிதன் கிடப்பதைத் தொண்டை கிழியச் சொன்னாள். இரண்டே முக்காலுக்குப் போலீஸ் ஜீப்பும் ஆம்புலன்சும் குவாரிக்குள் நுழைந்தன. மூன்று மணி வந்தது, போனது. கழுகுப்பாறை அப்படியே நின்றது!

பத்து நாள் கழித்து, கட்டுப்போட்ட காலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புருஷனையும் தேசம்மாவையும் ஜீவபந்து கோயில் மண்டபத்துக்கு அழைத்து வந்தான். கமிட்டிக்காரர்கள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னப்பா இது, கண்டவங்களை எல்லாம் கூட்டிட்டு வர்றே? இப்படியே போனா நம்ம மதம் என்ன ஆகும்?"

ஜீவபந்து இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். இரண்டு கதவுகளையும் அகலத் தள்ளினான்.

"பெருசாகும்!" என்றான்.